நாலு பேர் ரத்தத்தில் நான் ஏற்றிய ஈயம்

பத்தொன்பது வயதில், ஒரே பிற்பகலில், நான் நாலு பேரைச் சாகிற நிலைக்குக் கொண்டுபோனேன். அதில் ஒருத்தி நான். இன்னொருத்தி எனக்குச் சம்பளம் கொடுத்த முதலாளியம்மா. மற்ற இருவரில் ஒருவர் உண்மையிலேயே நோயாளி, மற்றவர் உண்மையிலேயே கல்லுக்குண்டு. இத்தனைக்கும் நான் செய்தது ஒரு பூஜைதான். அதுவும் மனசார. (அரைமனதாகச் செய்த காரியம் எதுவும் என்னை இந்த அளவுக்குக் கவிழ்த்ததில்லை.)

பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. புதுச்சேரியில் கொடி மாறியிருந்ததே தவிரக் காகிதம் மாறவில்லை. ஆபீசுகளில் பாதி வேலை இன்னும் பிரெஞ்சில்தான் நடந்தது. ரெட்டியார்பாளையத்தில் எங்களுக்குக் கரும்பும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற நிலம். எங்கள் குடும்பத்தில் பிரெவே என்கிற பிரெஞ்சுப் பள்ளிப் பரீட்சை பாஸ் செய்த முதல் ஆள் நான். பாஸ் செய்ததில் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வேலைக்குப் போகிறேன் என்றதும் அந்தப் பெருமை போன இடம் தெரியவில்லை. முதலாளி ஒரு பெண் என்று நாலு பேரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் சைக்கிள் எடுக்க விட்டார்.

அந்த முதலாளி மதாம் செலின். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். அவருடைய அப்பா சைகோனில் உத்தியோகம் பார்த்துச் சேர்த்ததையெல்லாம் போட்டு மகளை பிரான்சில் ரசாயனம் படிக்க வைத்தார். படித்துவிட்டு வந்த மகள், வீட்டின் முன்கூடத்திலிருந்த சாய்வு நாற்காலிகளையெல்லாம் தூக்கிப் பின்கட்டில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் குடுவைகளையும் புனல்களையும் அடுக்கிவிட்டார். டாக்டர்கள் அனுப்புகிற ரத்தம், சிறுநீர், பால், கிணற்றுத் தண்ணீர் எல்லாம் அங்கே வரும். மதாமுக்கு நாற்பத்தைந்து வயது, ஒல்லி, கோபம் வந்தால் பிரெஞ்சு, ரொம்பக் கோபம் வந்தால் சுத்தமான புதுச்சேரித் தமிழ்.

நான் அங்கே சேர்ந்த முதல் மாதமே எனக்குத் தலைகால் புரியவில்லை. காரணம் ஒரு பச்சைத் திரவம். கிளிப் பச்சை. அதற்கு திதிசோன் என்று பெயர். ரத்தத்தை அமிலத்தில் மணிக்கணக்காகக் கொதிக்கவிட்டு, கடைசியில் மிஞ்சுகிற தெளிவான நீரை, மேலே மூடியும் கீழே திருகுகுழாயும் உள்ள ஒரு புனலில் ஊற்றி, இந்தப் பச்சையைச் சேர்த்துக் குலுக்க வேண்டும். ரத்தத்தில் ஈயம் இல்லையென்றால் பச்சை பச்சையாகவே இருக்கும். கொஞ்சம் இருந்தால் ஊதா. அதிகம் இருந்தால் ரோஜா, செக்கச் சிவப்பு.

"எவ்ளோ ஈயம் இருந்தா தெரியும் மதாம்?" என்று கேட்டேன்.

"நம்ம தெருக் கோடியில இருக்கிற கொளத்துல நீ ஒரு சிட்டிகை உப்பப் போட்டுட்டு வா. அதைக் கண்டுபுடிக்கிற மாதிரி."

அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. கண்ணுக்குத் தெரியாத விஷத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்கிற வேலை! வீட்டில் அண்ணியிடம், பால்காரரிடம், சைக்கிளுக்குக் காற்று அடிக்கிறவரிடம் எல்லாம் சொன்னேன். (காற்று அடிக்கிறவர், "அப்ப என் பொண்டாட்டி கொழம்பக் கொஞ்சம் பாத்துச் சொல்லும்மா" என்றார்.)

அந்தச் சமயத்தில்தான் காசிம் பாய் வந்தார்.

காசிம் பாய் ஒரு அச்சகத்தில் கம்பாசிட்டர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோக்கிற வேலை. தமிழ், பிரெஞ்சு இரண்டும் கோப்பார். பிரெஞ்சு எழுத்துகளின் தலைமேல் இருக்கிற கொம்பு, தொப்பி எல்லாம் அவர் விரலுக்குக் கண் மூடியிருந்தாலும் தெரியும். இருபத்திரண்டு வருஷம் அதே பெட்டி முன்னால் நின்றவர். இரண்டு கையும் பொறுக்கிக்கொண்டிருந்தால் மூன்றாவது எழுத்தை உதட்டில் கவ்விக்கொள்வார். அதே கையால் டீ, அதே கையால் பன். இப்போது அவருக்கு அடிவயிற்றில் முறுக்கி முறுக்கி வலி. வலது மணிக்கட்டு தொங்கிப்போய்விட்டது. கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டுவரை நீளும், அதற்கப்பால் கை அவருடையதே இல்லை என்பதுபோல் மடிந்து தொங்கும்.

அச்சக முதலாளி தணிகாசலம் இதற்கு ஒரே வார்த்தையில் காரணம் கண்டுபிடித்துவிட்டார். குடி.

எங்கள் ஊரில் அது எடுபடக்கூடிய காரணம். அந்தப் பக்கம் மதராஸ் ராஜ்யத்தில் மதுவிலக்கு, எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு கடை. சனிக்கிழமையானால் விழுப்புரம் பஸ்ஸில் வருகிற கூட்டம் போகிறபோது நடக்காது, தவழும். அதனால் எங்கள் ஊரில் ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் டாக்டர்கூட முதலில் வாயைத்தான் முகர்ந்து பார்ப்பார். தணிகாசலம் 'குடிப்பழக்கத்தால் வேலைக்குத் தகுதியிழந்தவர்' என்று எழுதி பாயை நிறுத்திவிட்டார். பாய் தொழில் இன்ஸ்பெக்டரிடம் முறையிட்டார். விசாரணைக்கு நாளும் குறித்தாகிவிட்டது.

"வேல போனா போவுது மதாம்," என்றார் பாய். அவர் பேசும்போதே இடது கை வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. "தொழுவுற ஆளு நான். குடிகாரன்னு காயிதத்துல எழுதிட்டாரு. பொண்ணுக்கு நிக்காஹ் பேசி முடிச்சிருக்கேன். மாப்ள வீட்டுல நேத்து ஆளு வந்து, 'நெசமா?'ன்னு கேட்டுட்டுப் போறாங்க."

மதாம் அவர் ஈறைத் திறந்து பார்த்தார். பல்லோரத்தில் நீலக் கோடு. "ஈயம்தான். ஆனா நா சொன்னா போதாது. அளந்து காட்டணும்," என்றார். ஒப்பிட்டுக் காட்ட வேறு ஆட்கள் ரத்தமும் வேண்டும். மதாம் தன்னுடையதை எடுத்துக்கொண்டார். என்னுடையதையும் எடுத்தார். விஷயம் கேள்விப்பட்டுத் தணிகாசலமே வந்துவிட்டார். "அதே பிரெஸ்ஸு, அதே காத்து! என் ரத்தத்தயும் எடுத்துப் பாருங்க. அவனுக்கு இருந்தா எனக்கும் இருக்கணும் இல்ல?" என்று சட்டைக் கையைச் சுருட்டினார். நாலு பேர் ரத்தத்திலும் பாதியைச் சோதனைக்கும், பாதியை மூடி ஐஸ் பெட்டிக்கும் பிரித்து வைத்தோம்.

மறுநாள் ஆயுத பூஜை, லீவு. அதற்கு மறுநாள் சோதனை. அதற்கும் மறுநாள் விசாரணை. ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் மதாமும் நானும் கண்ணாடிச் சாமான் அத்தனையும் அமிலத்தில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் மூன்று முறை அலசி, மேஜைமேல் வரிசையாகக் கவிழ்த்து, வெள்ளைத் துணியால் மூடினோம். "இதுக்கு மேல இந்த உலகத்துல சுத்தம் கெடையாது," என்றார் மதாம்.

அந்த வார்த்தைதான் எனக்கு வினையாகப் போயிற்று.

ஆயுத பூஜை அன்று எங்கள் வீட்டில் ஏர், மண்வெட்டி, வண்டி, என் சைக்கிள் எல்லாம் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு நின்றன. எனக்கு மட்டும் மனம் ஆறவில்லை. கரும்பு வெட்டுகிற கத்திக்குப் பூஜை உண்டு. ஒரு மனிதரின் மானத்தைக் காப்பாற்றப்போகிற ஆயுதங்கள், அதுவும் அலசி, கவிழ்த்து, வெள்ளைத் துணி போர்த்திப் பூஜைக்கென்றே காத்திருப்பவை, அவற்றுக்குக் கிடையாதா? கூடத்தின் இன்னொரு சாவி என்னிடம் இருந்தது. மதாம் பூஜை புனஸ்காரம் இல்லாதவர், அன்று அத்தை வீட்டுக்குப் போயிருந்தார். சைக்கிளை மிதித்தேன்.

சாதாரணக் குங்குமத்தை எடுத்துப் போயிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. அது மஞ்சளும் சுண்ணாம்பும். ஆனால் காரியம் பெரிது, எதிராளி முதலாளி. அதனால் ஆஞ்சநேயர் கோயிலிலிருந்து அண்ணி வாங்கி வைத்திருந்த செந்தூரத்தைப் பொட்டலத்தோடு எடுத்துப் போனேன். நெருப்புப்போல் சிவந்த, கையில் வைத்தால் கனக்கிற பொடி. வெற்றி கொடுக்கிற சாமி. ஒரு குடுவை விடவில்லை, ஒரு புனல் விடவில்லை, ஒரு மூடி விடவில்லை. எல்லாவற்றுக்கும் சந்தனம் தொட்டு, மேலே செந்தூரம் வைத்து, கற்பூரம் காட்டி, "ஆஞ்சநேயா, காசிம் பாய் ஜெயிக்கணும்!" என்று கண்ணில் நீர் வரக் கும்பிட்டேன். ஒரு முஸ்லிமுக்காக, ஒரு கிறிஸ்தவர் வீட்டில், ஆஞ்சநேயரிடம். புதுச்சேரியில் இதெல்லாம் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது.

கும்பிட்டு முடித்துக் கண்ணைத் திறந்தபோதுதான் மதாம் நினைவுக்கு வந்தார். நாளைக் காலையில் அவர் வந்து, நெற்றியில் பொட்டோடு நிற்கிற குடுவைகளைப் பார்த்தால்? துணியை நனைத்தேன். ஒவ்வொன்றாகத் துடைத்தேன். ஒரே துணி. முதல் குடுவையிலிருந்து கடைசி மூடிவரை, உள்ளும் புறமும், அதே ஈரத் துணி. செந்தூரம் கண்ணுக்குத் தெரியாமல் எல்லா இடத்திலும் சமமாகப் பரவுகிற அளவுக்கு நான் பாடுபட்டேன்.

துடைக்கிற அவசரத்தில் கொதிக்கவைக்கிற குடுவைகளில் ஐந்தாவது நழுவி விழுந்து நொறுங்கியது.

ஐந்தாவது எதற்கென்று சொல்ல வேண்டும். நாலு குடுவை நாலு பேர் ரத்தத்துக்கு. ஐந்தாவதில் ரத்தமே கிடையாது, வெறும் வடித்த தண்ணீர். ரத்தத்துக்குச் செய்கிற அத்தனை காரியத்தையும் அதற்கும் செய்ய வேண்டும். கடைசியில் அது பச்சையாக நின்றால்தான் குடுவையும் மருந்தும் சுத்தம், மற்ற நிறங்களை நம்பலாம். அது என் பொறுப்பு. என் மூளையோ, 'தண்ணீரில் என்ன இருக்கப்போகிறது' என்றது. கண்ணாடித் துண்டுகளை டிபன் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் விடிகாலையிலிருந்து வேலை. ஜன்னலோரப் பெரிய மேஜையில் மதாம் நாலு ரத்தத்தைக் கொதிக்கவிட்டார். மூலையில் என் சின்ன மேஜையில், ஏதோ ஒரு சாதாரணக் குடுவையில் நான் சும்மா தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். (வீட்டில் வெந்நீர் போடச் சொன்னால் மூஞ்சியைத் தூக்குகிறவள் நான்.)

"அஞ்சல, தண்ணி என்னாச்சு?" என்று பெரிய மேஜையிலிருந்தே மதாம் என் பெயரைச் சொல்லிக் கேட்டார்.

"பச்சை, மதாம்." நோட்டிலும் எழுதினேன். கை நடுங்கவேயில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு வெட்கம்.

மூன்று மணிக்குத் தணிகாசலமும் காசிம் பாயும் வந்தார்கள். இருவரும் கண்ணால் பார்க்கட்டும் என்று மதாமே வரச் சொல்லியிருந்தார். முதலில் பாயின் ரத்தம். மதாம் பச்சையை ஊற்றிக் குலுக்கினார். செக்கச் சிவப்பு! நான் கைதட்டிவிட்டேன். பாய் கண்ணை மூடி அல்லாவைக் கூப்பிட்டார்.

"இப்ப என்னோடது," என்று தணிகாசலம் கழுத்தை நீட்டினார். மதாம் குலுக்கினார். செக்கச் சிவப்பு.

மதாமின் முகம் மாறியது. மூன்றாவது, மதாமுடையது. சிவப்பு. நாலாவது, என்னுடையது. எல்லாவற்றையும்விட அழகான சிவப்பு.

பிறகு தணிகாசலம் மெதுவாக நாற்காலியில் சரிந்தார். "மதாம், எனக்கு அடிவயித்துல இழுக்குது," என்றார். கையை நீட்டினார். தொங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், மணிக்கட்டு தொங்கியது. கொஞ்ச நேரம் முன்னால் அந்தக் கையால்தான் காரின் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தவர்.

நானும் சும்மா இல்லை. எனக்குக் கண் இருட்டியது, நாக்கில் ஈயம் ருசித்தது. பிரெவே பாஸ் செய்து, கல்யாணம்கூட ஆகாமல் இப்படிப் போகப்போகிறேனே என்று ஓவென்று அழுதேன். குடுவையைத் துடைத்தவள் நான், தண்ணீரைப் பார்க்காதவள் நான். ஆனாலும் அந்த நிமிஷம் என் சாவை நானே முழுசாக நம்பினேன். அவ்வளவு அறிவு.

"யோவ் காசிம்," என்றார் தணிகாசலம் தழுதழுத்து. "என்ன மன்னிச்சுடுய்யா. மதாம், நீங்க கேளுங்க. சாவப்போற நேரத்துல பொய் சொல்லக் கூடாது. குடிக்கிறவன் நான். தெனமும். இவன் ஒரு நாளும் தொட்டவன் இல்ல. எனக்கு நல்லாத் தெரியும். காயிதத்துல எழுதனது பொய்யி."

பாயின் முகத்தில் வந்த வெளிச்சத்தை எப்படிச் சொல்வேன்! நானே அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். ஜெயித்துவிட்டோம். ஆஞ்சநேயர் கைவிடவில்லை.

ஆனால் மதாம் குடையை எடுத்துக்கொண்டிருந்தார். "நாலு பேருக்கும் பொதுவா என்னா இருக்குது? கொழாத் தண்ணி! பழைய ஈயக் கொழாய்! ஊரே குடிக்குது அஞ்சல, ஊரே!" என்றார். "மேரிக்குப் போறேன். இப்பவே தண்ணிய நிறுத்தச் சொல்றேன்." மேரி என்பது எங்கள் ஊரில் நகராட்சி அலுவலகம்.

நான் வாசலில் போய் மறித்து நின்றேன். வாயைத் திறந்தால் பாயின் வெற்றி போகும், என் வேலை போகும். திறக்காவிட்டால் ஒரு ஊருக்கே தண்ணீர் நிற்கும். மதாம் செருப்பை மாட்டிவிட்டார்.

"மதாம், நான் தண்ணியப் பாக்கல."

"என்னா?"

"குடுவ ஒடஞ்சிபோச்சு. பாக்காமலே பச்சைன்னு எழுதிட்டேன்."

மதாம் குடையை வைத்தார். ஒரு புனலில் வடித்த தண்ணீரை ஊற்றினார். பச்சையை ஊற்றினார். குலுக்கினார். தண்ணீர் ரத்தமாகச் சிவந்தது. பிறகு நான் செந்தூரக் கதை முழுவதையும் சொன்னேன். பொட்டலம் பையிலேயே இருந்தது. அதில் ஒரு துளியை எடுத்துக் கரைத்துப் பார்த்தார். ஊற்றிய வேகத்தில் சிவந்தது. "ஈயத்த வறுத்துப் பொடி பண்ணி, என் புனலுக்குப் பூசிட்டியேடி!" பிறகு பத்து நிமிஷம் பிரெஞ்சு. பிரெவே பாஸ் செய்த எனக்கே அந்த வேகத்தில் புரிந்தது என் பெயர் மட்டும்தான்.

"அப்ப எனக்கு ஒண்ணுமில்லியா?" என்று தணிகாசலம் குதித்து எழுந்தார். சந்தோஷத்தில் பாயைக் கட்டிப்பிடித்தார். பாதிக் கட்டிப்பிடிப்பில் வழக்கு நினைவுக்கு வந்து கையை எடுத்துக்கொண்டார். "அப்ப இவனுக்கும் ஒண்ணுமில்ல. நான் சொன்னது தப்பில்ல. மயக்கத்துல ஏதோ ஒளறிட்டேன்," என்று துண்டை உதறித் தோளில் போட்டார்.

எனக்குப் பாயை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவர்தான் பக்கத்தில் வந்தார்.

"எனக்காகவா சாமி கும்புட்ட?"

தலையை ஆட்டினேன். தாவணி முனையால் கண்ணைத் துடைத்தேன்.

"அழுவாத பாப்பா. மறுபடியும் பாருங்க. இருவத்திரண்டு வருஷமா சேத்து வச்சது, ஒரு நாள்ல எங்க ஓடிடப் போவுது?"

அன்று சாயங்காலம் முழுவதும் நான் கண்ணாடி கழுவினேன். அமிலம், தண்ணீர், அமிலம், தண்ணீர். நெற்றிப் பொட்டைக்கூட மதாம் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தார். விசாரணை அன்று விடியுமுன் மறுபடியும் உட்கார்ந்தோம். ஐஸ் பெட்டியில் இருந்த மிச்ச ரத்தம். (அந்தச் சின்னப் புட்டிகளுக்கு நான் பொட்டு வைக்கவில்லை. ரத்தம் என்றால் எனக்குப் பயம்.) மதாம் எங்கிருந்தோ தேடி எடுத்த ஐந்தாவது குடுவை என் முன்னால். இந்த முறை முதலில் தண்ணீர். தணிகாசலமும் பாயும் மறுபடி வந்து நின்றார்கள். புனலைக் குலுக்கும்போது என் கை நடுங்கிய நடுக்கத்துக்கு வேறு குலுக்கலே வேண்டியிருக்கவில்லை.

பச்சை. கிளிப் பச்சை!

என்னுடையது பச்சையில் லேசாக ஒரு மங்கல். மதாமுடையது அப்படியே. தணிகாசலத்துடையது கொஞ்சம் ஊதா; அவர் மறுபடி நாற்காலியைத் தேடினார். கடைசியாக பாயுடையது. மதாம் ஊற்றினார். ஒரு நொடி பச்சை. பிறகு, ஒரே குலுக்கில், செம்பருத்திச் சிவப்பு. நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. ஒரு மனிதரின் உடம்பில் விஷம் இருக்கிறது என்பதற்காக அப்படிக் குதித்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பாயும் சிரித்தார், அழுதார், தொங்குகிற கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினார்.

விசாரணையில் மதாம் இரண்டு நாள் நோட்டையும் இன்ஸ்பெக்டர் முன் வைத்தார், என் பொய் உட்பட. முதல் நாள் தணிகாசலம் சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். தணிகாசலம் மறுக்க வாயெடுத்து, மதாம் முகத்தைப் பார்த்து, மூடிக்கொண்டார். குடிகாரன் என்ற காகிதம் அங்கேயே கிழிக்கப்பட்டது. பாய்க்கு வைத்திய லீவு கிடைத்தது. ஆறேழு மாதத்தில் கை ஒருவாறு தேறி, எழுத்துப் பெட்டிப் பக்கமே போகாமல் அதே அச்சகத்தில் புரூப் திருத்துகிறவராக உட்கார்ந்தார். நிக்காஹ் பிரியாணியில் என் பக்கத்து இலை மதாமுடையது. என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் யோசித்துவிடுவாரோ என்ற பயத்தில்.

இந்தக் கதையைக் கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரரிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் யாரையும் நிம்மதியாகக் குறை சொல்ல முடியாது. கடிகாரம் தப்பு, கண்ணாடி மங்கல், பக்கத்து வீட்டுக்காரர் சரியில்லை, எதைச் சொன்னாலும் உடனே, "மொதல்ல தண்ணியப் பாத்தியா?" என்று வரும். பிள்ளைகளுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரிவதற்கு முன்பே சொல்லப் பழகிவிட்டார்கள்.

போன வாரம் மருமகள் கொண்டுவந்த காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "என்ன கசப்பு இது, டிகாக்ஷன் போடக்கூட வரலியா?" என்று சத்தம் போட்டேன். அவள் வாதாடவில்லை. உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். வீறாப்பாக எடுத்துக் குடித்தேன். தண்ணீரும் கசந்தது. அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தெர்மாமீட்டர் எடுக்கப் போனாள். காய்ச்சல் நூற்றிரண்டு.